எந்தப் பல்லில் வலி?

எங்கள் மென்பொருளில் ‘நோயாளி’ என்ற சொல் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு இடங்களில் இருந்தது. ‘பல்’ அதைவிட அதிகம். திங்கட்கிழமை மதியம் அண்ணன் இரண்டையும் தேடி எண்ணிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கூரையைப் பார்த்தான்.

“எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடறேன். நோயாளி இருக்கிற இடத்துல வாடிக்கையாளர். பல் இருக்கிற இடத்துல பொருள். அப்புறம் நீ யார்கிட்ட வேணும்னாலும் கொண்டு போய்க் காட்டு.”

“பார்லர் அம்மாகிட்ட மட்டும் போக முடியாது. கதவைச் சாத்திட்டாங்க.”

போன வாரம் மூன்று இடங்களில் காட்டியிருந்தேன். அழகு நிலையத்தில் மடிக்கணினியைத் திறந்ததும் முதல் திரையே, ‘நோயாளியை உட்கார வைத்தாயிற்றா?’ என்று கேட்டது. அந்த அம்மா தன் கடையில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்த மூன்று பெண்களையும் ஒரு முறை பார்த்தார். “இவங்களைப் பாத்தா சீக்காளி மாதிரியா இருக்கு?” என்றார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், ‘எந்தப் பல்லில் வலி?’ என்று திரை கேட்டதும் அதன் உரிமையாளர் தன்னையறியாமல் கன்னத்தில் கை வைத்தார். அதன்பிறகு அவர் என் பேச்சைக் கேட்கவேயில்லை. நாக்கால் எதையோ துழாவிக்கொண்டே இருந்தார். மீன் தொட்டி விற்கும் கடையில் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை.

இது சித்திக்காக எழுதப்பட்டது. சித்தி பல் மருத்துவர். எட்டு வருடங்களுக்கு முன்னால், “டேய், எவனுக்கு எந்தப் பல்லைப் பிடுங்கினேன்னு எனக்கே மறந்து போகுதுடா, ஏதாவது பண்ணு,” என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பண்ணினான். சித்தியோடு படித்தவர்கள் வாங்கினார்கள், அவர்களிடம் வேலை பழகியவர்கள் வாங்கினார்கள். அறுபத்து மூன்று மருத்துவமனைகள். நான் படிப்பு முடித்ததும் விற்பனைக்கு வந்து சேர்ந்தேன். விற்பனை என்றால், கதவைத் தட்டி, “நான் இன்னாரோட அக்கா பொண்ணு,” என்று சொல்வது. மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

சித்தியின் பெயரைச் சொல்லாமல் நான் எதையும் விற்றதில்லை என்பது, ஊரில் பல் டாக்டர்கள் தீர்ந்துபோன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தீர்ந்தது மட்டுமல்ல, குறையவும் தொடங்கியது. நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலியைச் செய்யும் கம்பெனி ஒன்று, நாற்காலியோடு திரையையும் திரையோடு மென்பொருளையும் சேர்த்துச் சும்மாவே கொடுக்க ஆரம்பித்திருந்தது. அறுபத்து மூன்று முப்பத்தெட்டாயிற்று. கடைசியாகச் சித்தியே தயங்கித் தயங்கிப் போன் செய்து, புது நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு அந்தக் கம்பெனி அண்ணனையே கேட்டது: எங்களிடம் வந்துவிடுங்கள். வேலை வேறு ஊரில். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“பல்லுக்கு வெளிய ஒரே ஒரு கடை,” என்று அண்ணன் சொல்லியிருந்தான். “ஒண்ணே ஒண்ணு வாங்கினா நான் போகல. ஒருத்தரும் வாங்கலேன்னா, நான் எழுதினது பல்லுக்குத்தான் லாயக்குன்னு அர்த்தம். அப்போ பல்லோடயே போயிடறேன்.”

அவன் போனால் அலுவலகம் இல்லை. அலுவலகம் என்பது ஒரு சலவைக்கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகள். கீழேயிருந்து நாள் முழுக்க வெந்நீர் ஆவி வரும். மதியத்தில் என் மேஜைக் கண்ணாடியில் மூடுபனி படரும், நான் அதில் விரலால் ஏதாவது வரைவேன். அந்தக் கண்ணாடியும், பக்கத்து அறையில் அவன் தனக்குத்தானே முணுமுணுப்பதும் இல்லாத ஒரு நாளை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சித்தியின் மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த தெருவில் இறங்கி நடந்தேன். மேஜை போட்டு ஆள் உட்கார்ந்திருக்கும் எந்தக் கடையானாலும் நுழைந்துவிடுவது என்று முடிவு. ஆனால் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு காரணம் கிடைத்தது. இங்கே கூட்டம், அங்கே ஆளே இல்லை, இவர் கோபக்காரர் போலிருக்கிறார். தெரு முக்கால்வாசி முடிந்தபோது ஒரு கடைக்குள்ளேயிருந்து குரல் கேட்டது.

“என் பல்லை நீங்கதான் உடைச்சீங்க!”

கால் தானாக நின்றது. எட்டு வருடங்களாக வீட்டில் கேட்ட சொல். இன்னொரு பல் மருத்துவமனை, நமக்குத் தெரியாமல் எப்படி என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

மருத்துவமனை இல்லை. சாணை பிடிக்கும் பட்டறை. சுவர் முழுக்க ஆணிகளில் வட்ட ரம்பங்கள் தொங்கின. உள்ளங்கை அளவிலிருந்து வண்டிச் சக்கரம் அளவு வரை வெள்ளி வட்டங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வரிசையாகப் பற்கள். கதவைத் திறந்த காற்றில் எல்லாம் லேசாக அசைந்து, அறை முழுக்க வெளிச்சத் துண்டுகள் ஓடின. நான் ஒரு நிமிடம் வந்த வேலையை மறந்தேன்.

மேஜையின் ஒரு பக்கம் ஐம்பது வயதுப் பெண், முழங்கை வரை தோல் உறை. மறுபக்கம் மரத்தூள் படிந்த சட்டைக்காரர், கையில் ஒரு ரம்பம்.

“உங்க மேஜைப் பலகையில ஆணி இருந்திருக்கும், மேஜைக்காரரே. பல்லு என்ன பண்ணும்?”

“முப்பது வருஷமா மேஜை பண்றேன். ஆணி எது, மரம் எதுன்னு எனக்குத் தெரியாதா? போன தடவை நீங்க ஒட்டினீங்களே, அந்தப் பல்லுதான் பறந்து போச்சு. நல்லவேளை, கண்ணுல அடிக்கல.”

“நாங்க ஒட்டினது இந்தப் பக்கம். இது அந்தப் பக்கம்.”

“வட்டத்துல ஏதுங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம்?”

அந்தப் பெண் ரம்பத்தை வாங்கி ஒரு சீட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். மேஜைக்காரர் முணுமுணுத்தபடி என்னைத் தாண்டிப் போனார்.

“உனக்கு என்னம்மா? கத்தியா, ரம்பமா?”

“மேடம், நான்...” சித்தியின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. இங்கே அதற்கு மதிப்பில்லை. “ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் காட்டலாம்னு வந்தேன்.”

“மேடத்தை மடிச்சுப் பையில வை. இங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அஞ்சு நிமிஷம் தர்றேன். மெஷின் சூடாகற வரைக்கும்.”

மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணன் மாற்றிய திரையை நானே அப்போதுதான் பார்க்கிறேன். மேலே ‘பல்வேறு அறிக்கைகள்’ என்று இருந்த இடத்தில் ‘பொருள்வேறு அறிக்கைகள்’ என்று இருந்தது. நான் அவசரத்தில் தவறான இடத்தை அழுத்த, ‘இது சரியான கோப்பல்ல’ என்று சொல்ல வேண்டிய பெட்டி, ‘இது சரியான கோப்பொருள்ல’ என்றது. பல் என்ற இரண்டெழுத்து எங்கெல்லாம் ஒளிந்திருந்ததோ அங்கெல்லாம் போய் அண்ணனின் கட்டளை பிடுங்கியிருந்தது.

“இது எந்த ஊர் பாஷை?” என்றார் அக்கா.

“புது பதிப்புக்கா. கொஞ்சம் எழுத்துப்பிழை...”

அடுத்த பக்கத்துக்குத் தாவினேன். ‘எந்தப் பொருள்லில் வலி?’ அடுத்தது. அங்கே அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தோல் உறையின் சொரசொரப்பு இன்னும் நினைவிருக்கிறது.

“இரு. பற்கள்னு போட்டிருக்கே.”

ஆமாம். ‘பற்களின் நிலை’ என்று தெளிவாக இருந்தது. பல்லோடு ‘கள்’ சேர்ந்தால் ‘ல்’ ‘ற்’ ஆகிவிடும் என்பதை அண்ணன் மறந்திருக்கிறான். ஒற்றைப் பற்களையெல்லாம் பிடுங்கியவன் கூட்டமாக இருந்த பற்களைத் தொடவில்லை. கீழே ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கட்டம்: நலம், சொத்தை, உடைந்தது, விழுந்தது, புதிது வைத்தது. தேதி. யார் வைத்தது.

அக்கா அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். “ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியா... எங்க தொழிலுக்குன்னே எழுதினதா இது?”

ஒரு சொல் போதும். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

“ஆமாக்கா,” என்றேன்.

“அட.” அவரே விசையைத் தட்டினார். அடுத்த பக்கம் வந்தது. சத்தமாகப் படித்தார்: “‘சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கெட்டியான எதையும் கடிக்க வேண்டாம்.’” நிமிர்ந்தார். “கடிக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கும்மா ரம்பம்?”

என் காது சூடாயிற்று. “பொய் சொல்லிட்டேன்க்கா. இது எங்க அண்ணன் பல் டாக்டருங்களுக்கு எழுதினது. மனுஷப் பல்லு. உங்ககிட்ட விக்கணும்னு பல்லையெல்லாம் எடுத்துட்டோம்.”

அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளே இயந்திரத்தருகே இருந்தவர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்து, தோல் உறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியுமா?”

பழைய பதிப்பும் அதே கணினியில் இருந்தது. திறந்து காட்டினேன். மேல் தாடை, கீழ்த் தாடை, வளைவாகப் பற்கள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“முப்பத்திரண்டுதான் இருக்கு.”

“மனுஷனுக்கு அவ்வளவுதான்க்கா.”

“என்கிட்ட வர்றதுக்கு இருபத்து நாலு இருக்கும், நாப்பது இருக்கும், அறுபது இருக்கும். அந்த மேஜைக்காரர் வச்சிருக்கிறது தொண்ணூத்தி ஆறு. உங்க அண்ணனைக் கேளு.”

அங்கேயே நின்று போன் செய்தேன். விவரம் சொன்னேன். மறுமுனையில் சலவைக்கடை ஆவியின் சீறலுக்கு நடுவே அவன் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணா?”

“முப்பத்திரண்டு எல்லா இடத்துலயும் இருக்கு,” என்றான் மெதுவாக. “ஒரு இடத்துலகூட அது ஏன் முப்பத்திரண்டுன்னு எழுதி வைக்கல. வாய்னா முப்பத்திரண்டுதானேன்னு...” பிறகு, “வட்டத்துக்கு முதல் பல்லு எதுன்னு கேளு. வாய்க்கு நடுக்கோடு இருக்கு. அதுக்கு என்ன இருக்கு?”

கேட்டேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, சுவரிலிருந்த ரம்பங்களைப் பார்த்தார். “அதுதானே சண்டையே,” என்றார்.

அண்ணன் நேரிலேயே வந்தான். கடைசியாக அவன் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க வெளியே வந்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. மேஜைக்காரரின் ரம்பத்தைக் கையில் வைத்து ஸ்டியரிங் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவே, தயாரித்த கம்பெனியின் எழுத்து அச்சாகியிருந்தது.

“இந்த எழுத்து எல்லா ரம்பத்துலயும் இருக்குமா?”

“ஏதாவது ஒரு எழுத்து இருக்கும்.”

“அப்போ முதல் எழுத்துக்கு நேர் மேல இருக்கிற பல்லு ஒண்ணு. அங்கேர்ந்து வலப்பக்கமா எண்ணுவோம்.”

அக்கா விரலால் எண்ணிப் பார்த்தார். ஏழு வரை எண்ணிவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். இருபது வருடச் சண்டைகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. “சரி, துருப்பிடிச்ச பல்லை என்னன்னு போடுவ?”

“துருன்னு ஒண்ணு சேர்க்கறேன்.”

“வேண்டாம். சொத்தைன்னே இருக்கட்டும். புரியுது.” பிறகு என்னைப் பார்த்து, “ஆனா ஒண்ணு. வாங்கறேன்னு நான் இன்னும் சொல்லல. நீ ஆரம்பமே பொய்யில ஆரம்பிச்சவ. ரம்பம் போய்த் திரும்பி வரட்டும். வந்தாத்தான் எனக்குத் தெரியும்.”

“எப்போக்கா திரும்பி வரும்?”

“நல்லா ஒட்டியிருந்தா மூணு மாசம்.”

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை முழுக்க அவன் முப்பத்திரண்டைத் தேடித் தேடி எடுத்தான். இந்த முறை ஒரேயடியாக மாற்றவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, ஏன் இங்கே இருக்கிறது என்று படித்து, மாற்றினான். பிற்பகலில் கூப்பிட்டுக் காட்டினான். மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, நுனிகள் தொட்டு, ஒரு வட்டமாகியிருந்தன. எண்ணிக்கை என்று கேட்கும் இடத்தில் தொண்ணூற்றாறு என்று அடித்தான். வட்டத்தைச் சுற்றி மெல்லப் பற்கள் முளைத்தன. மூடிய வாய் ஒன்று எல்லாப் பக்கமும் சிரிப்பது போலிருந்தது.

“நல்லா இருக்கு,” என்றேன்.

“அவங்க வாங்கலேன்னாலும் நல்லாத்தான் இருக்கு,” என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வியாழக்கிழமை காலை பட்டறையில் நிறுவினேன். முதல் ரம்பம் மேஜைக்காரருடையது. பதினொன்று, பன்னிரண்டு, நாற்பத்தேழு ஆகிய மூன்று பற்களுக்குப் புது முனை ஒட்டியிருந்தார்கள். நான் பதிந்துகொண்டிருக்கும்போதே மேஜைக்காரர் வந்து, எதையும் பார்க்காமல், ரம்பத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று மனதுக்குள் சொன்னதும் வெட்கமாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம்? அவருடைய பல் உடைய வேண்டும் என்பதுதானே.

உடைந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, நான் மீதி ரம்பங்களைப் பதிந்துகொண்டிருந்தபோது, வாசலிலேயே குரல் எழுந்தது.

“ஒரே நாள்! ஒரே நாள்தான் தாங்கிச்சு! இப்ப சொல்லுங்க, ஆணின்னு!”

ரம்பம் மேஜைமேல் விழுந்து அதிர்ந்தது. அக்கா அதன் எழுத்தைத் தேடி, நேர் மேலே விரலை வைத்து எண்ணினார். மேஜைக்காரர் கூடவே உதட்டை அசைத்து எண்ணினார், ஏன் எண்ணுகிறோம் என்றே தெரியாமல். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு இல்லை.

திரை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. வட்டத்தில் நாற்பத்தேழாம் கட்டம் பச்சையாக மின்னியது: ‘புதிது வைத்தது. வியாழன்.’ பட்டறை ஒட்டிய பல். மேஜைக்காரருக்கு அது தெரிய வழியில்லை. அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். அவர் இனி, ‘உங்க பலகையில ஆணி இருந்திருக்கும்’ என்று சொன்னால் அது பொய் என்று சொல்ல அறையில் ஒரு பொருள் இருந்தது. நான்தான் கொண்டுவந்து வைத்தேன். யார் காசு கொடுத்து அப்படி ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொள்வார்கள்?

உள்ளே இயந்திரம் நின்றது. அக்கா திரையின் விளிம்பைப் பிடித்து மேஜைக்காரர் பக்கம் திருப்பினார்.

“நாங்க வச்ச பல்லுதான். பாருங்க, நாப்பத்தி ஏழு. எங்க தப்பு.”

மேஜைக்காரர் ரம்பத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். தெரு முழுக்கச் சுமந்து வந்த சண்டையை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. “இல்ல... என்கிட்டயும் ஒரு கணு முடிச்சு இருந்தது மரத்துல,” என்றார் கடைசியில். “பெரிய முடிச்சு இல்ல.”

“இருக்கட்டும். நாளைக்கு வாங்க.”

அவர் போன பிறகு அக்கா தோல் உறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்.

“இதை எடுத்துக்கிட்டுப் போயிடுன்னுதான் முதல்ல வாயில வந்துச்சு.”

நான் திரையை அணைக்கக் கையை நீட்டினேன்.

“செவ்வாக்கிழமை சண்டை போட்டேனே, அதுல யார் சரின்னு இப்ப நினைச்சுப் பாக்கறேன். தெரியல. அதுக்கு முன்னாடி நடந்ததும் தெரியல. எத்தனை பேரை ஆணின்னு சொல்லி அனுப்பினேனோ.” ரம்பத்தை எடுத்துச் சுவரில் மாட்டினார். அது சிறிது நேரம் ஆடி நின்றது. “வச்சிட்டுப் போ. ஆனா கத்திக்கும் சேர்த்துப் பண்ணித் தரச் சொல்லு. பாதி வேலை எனக்குக் கத்திதான்.”

படிகளை இரண்டிரண்டாக ஏறி அலுவலகத்துக்குள் போனபோது நாலரை. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன், எல்லாவற்றையும், நாற்பத்தேழு வரை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கத்தி என்றதும்தான் திரும்பினான்.

“கத்திக்குப் பல்லு எத்தனை?”

“கத்திக்கு ஏதுண்ணா பல்லு?”

“அதைத்தான் கேக்கறேன்.” எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யத்தை அடித்தான். இருவரும் காத்திருந்தோம். மென்பொருள் திணறி நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. வெறும் வட்டம் ஒன்று வந்தது, அதன் கீழே வழக்கமான கேள்வி: ‘எந்தப் பல்லில் வலி?’

அவன் கண்ணை அதிலிருந்து எடுக்காமலே போனை எடுத்து நாற்காலிக் கம்பெனியை அழைத்தான். “வணக்கங்க. ஆமாங்க, அது விஷயமாத்தான். நான் வரலைங்க... இல்லைங்க, சம்பளத்துல ஒண்ணும் குறை இல்லை.” மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். அவன் பொறுமையாகக் கேட்டான். “இங்க எனக்கு ஒரு பூஜ்யம் இருக்குங்க,” என்றான். “அதைப் பாக்கணும்.”

போனை வைத்துவிட்டு, “கத்தி எங்க மழுங்கும்? நுனியிலயா, நடுவுலயா?” என்றான்.

தெரியாது என்றேன். மேஜைக் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. அதில் ஒரு கத்தியை வரைந்தேன், எண்ணத் தொடங்குவதற்கு எங்கேயாவது ஓர் எழுத்து இருக்குமா என்று யோசித்தபடி.